எங்கள் தெருவின் பதில்

சங்கரன்கோவிலில் எங்கள் தறிக்கூடத்தில் அன்று வெயில் ஏற ஏற நூல் அறுந்துகொண்டே இருந்தது. தரையெல்லாம் தண்ணீர் தெளித்தும் பலனில்லை. அந்த எரிச்சலில் நிற்கும்போதுதான் கருத்துக்கணிப்பு எடுக்க ஒரு பெண் வந்தாள். பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க நாடு போதிய அளவு செய்கிறதா என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "நல்லாத்தான் செய்யுதாவன்னு போடும்மா" என்றாள்.

வந்தவள் போனதும் மனைவியிடம் எகிறினேன்.

"குறை சொல்லி, அரசாங்கத்துல மாசாமாசம் வார பணம் நின்னு போச்சுன்னா?" என்றாள்.

மனசு கேட்கவில்லை. பதிலை மாற்றச் சொல்லத் தெருமுனைக்கு ஓடினேன்.

"அனுப்பியாச்சு அண்ணாச்சி. ஒங்க தெருவுல எல்லாரும் அதத்தான் சொன்னாவ" என்ற அந்தப் பெண், குழாயடியில் துப்பட்டாவை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்.