தங்கப்பாண்டி அண்ணன் ஓட்டிய வளைவு

கூடலூரில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. விடிந்ததும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார்கள். அத்தனை பேரில் தங்கப்பாண்டி அண்ணனைப் பற்றி மட்டும் நான் எழுதுவது பாசத்தினால் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். அதை எங்கேயாவது சொல்லித் தொலைக்க வேண்டும்.

ஐம்பத்திரண்டு வயது. பேச்சு குறைவு. வண்டியில் பாட்டுப் போட மாட்டார். கேட்டால், "எஞ்சின் சத்தம் காதுல விழணும்ல" என்பார். ஆறு வருடங்களுக்கு முன் மலைப்பாதையின் ஒரு வளைவில் அவர் ஓட்டிய ஜீப் கவிழ்ந்தது. பதினொரு பெண்களில் பத்துப் பேர் எலும்பு முறிவோடு தப்பித்தார்கள். முருகம்மாள் போய்ச் சேர்ந்தாள். அண்ணனுக்கும் மண்டையில் அடி. கண் விழித்தபோது அந்தக் காலைப்பொழுதே அவர் நினைவில் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வழக்கு ஆதாரமில்லாமல் முடிந்தது. அவருக்கு மட்டும் முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். அந்த வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, "எல்லாரும் இருக்கீகளா?" என்று கேட்பார். "இருக்கோம்ணே" என்று பின்னாலிருந்து மொத்தமாகக் குரல் வந்த பிறகுதான் கியர் போடுவார். அந்தக் குரல்களில் முருகம்மாளின் மகள் பவானியின் குரலும் உண்டு. அம்மாவைப் பறிகொடுத்த வண்டியிலேயே மகளும் ஏறுகிறாளே என்று ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. "இவுகளவிடப் பாத்து ஓட்டுற ஆளு வேற யாரு இருக்காக?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள் பவானி. அந்தப் பெண் தன் வண்டியில் ஏறுகிறாள் என்கிற ஒன்றை வைத்துத்தான் அண்ணன் தலை நிமிர்ந்து நடந்தார்.

நான் ஜெசிந்தா. கோயம்புத்தூர் வேலையை உதறிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து வீடியோ கேம் செய்கிறவள். அண்ணன் ஓட்டுகிற ஜீப்பையே கேமாகச் செய்ய ஆசைப்பட்டு, இருபது நாள் அவருடைய வண்டியில் ஏறிப் போனேன். பெண்களின் பேச்சு, சிரிப்பு, சண்டை, ஒருநாள் குரங்கு உள்ளே பாய்ந்தபோது அவர்கள் அலறியது, வளைவுக்கு முன்னால் சொல்கிற அந்த 'இருக்கோம்ணே', எல்லாவற்றையும் கேமில் வைப்பதற்காகப் பதிவு செய்தேன்.

அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்ன வேணா வச்சுக்க தாயி. வண்டி கவுர்ற மாதிரி மட்டும் வைக்காத. உள்ள பவானி கொரலு இருக்கு."

மாதா மேல் சத்தியம் செய்தேன். பாதையின் ஓரம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சுவர் வைத்தேன். மோசமாக ஓட்டினால் வண்டி முக்கி நின்றுவிடும். பின்னாலிருக்கும் பெண்கள் வைவார்கள். அவ்வளவுதான்.

பிறகு அந்தக் கண்காட்சி வந்தது. கேம் செய்கிற கம்பெனிகளும் அதை வாங்கி விற்கிற பப்ளிஷர்களும் கூடுகிற சந்தை, மூன்று நாள், முழுக்க ஆன்லைனில். ஸ்டால் என்பது ஒரு பக்கம். வருகிறவர்கள் கேமை டவுன்லோடு செய்து ஆடிப் பார்ப்பார்கள். பிடித்தால் பப்ளிஷர் வீடியோ காலில் பேசுவார். முதல் நாள் என் ஸ்டாலுக்கு வந்தது பதினாலு பேர். பக்கத்து ஸ்டாலில் மண்டை ஓட்டைச் சுட்டு விளையாடுகிற கேமுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். எனக்கு வயிறு எரிந்தது. ஒருத்தன் எழுதியிருந்தான்: "விழவே மாட்டேன் என்றால் எதற்கு ஓட்ட வேண்டும்?"

சுவரை எடுத்தேன். பத்து நிமிட வேலை. அப்போதும் நிதானமாக ஓட்டுகிறவர்கள் விழவில்லை. எனவே நாலாவது ட்ரிப்பில், எப்படி ஓட்டினாலும் சரி, அந்த வளைவில் சாலை தானாகவே சரியும்படி எழுதினேன். பவானியின் குரலை எடுத்துவிட்டாவது செய்திருக்கலாம். அது தோன்றவில்லை. பொய், தோன்றியது. நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் நேரலையில் ஆடி, நாலாவது ட்ரிப்பில் உருண்டான். குரங்குக்குப் பயந்து அவர்கள் அலறிய அலறல் கேட்டது. வளைவுக்கு முன்னாலிருந்து கேம் திரும்பத் தொடங்கியதும் "இருக்கோம்ணே" என்று குரல் வர, அவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அந்தத் துண்டு வீடியோ பறந்தது. மூவாயிரம் பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் நாலு மணிக்குப் பேசலாம் என்று ஒரு பப்ளிஷரிடமிருந்து மெயில். நான் வீட்டுக்குள் குதித்தேன், வெட்கமில்லாமல்.

அதே வீடியோ அன்று சாயங்காலம் கூடலூர் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கிறது.

மூன்றாம் நாள் மூன்றரை மணிக்கு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். பெண்களைத் திரும்பக் கூட்டிவர மலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் அது.

"ட்ரிப்ப முத்துராஜாகிட்ட விட்டுட்டேன்" என்றார். "பவானி காலைல ஏறல. அன்னைக்கு இப்பிடித்தான் போச்சாண்ணேன்னு கேட்டா. எனக்கு என்ன தெரியும்?"

நான் என்னவோ உளறத் தொடங்கினேன்.

"வைய வரல தாயி. ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்."

கொடுத்தேன். சாவி போடுகிற கை, விளையாட்டுக் கருவியில் முதலில் தடுமாறியது. பிறகு பிடிபட்டுவிட்டது. ஒரு ட்ரிப். இரண்டு. மூன்று. நாலாவதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். குரல் வந்ததும் முதல் கியரில், நடக்கிற வேகத்தில், மலைச்சுவரை ஒட்டியே திருப்பினார். அதைவிட ஒழுங்காக ஒருவரும் ஓட்டியிருக்க முடியாது. சாலை சரிந்தது. வண்டி உருண்டது.

பிறகு, மெக்கானிக்கிடம் கேட்பதுபோலத்தான் என்னிடம் கேட்டார்.

"எங்கன தப்பு விட்டேன் தாயி? நீ செஞ்சது, ஒனக்குத் தெரியும்ல. பவானிகிட்டச் சொல்லணும்."

கணினியில் அழைப்பு மணி அடித்தது. நாலு மணி. 'நீங்க தப்பே விடல, நான் வேணும்னு வச்சது' என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் வேகமாப் போயிட்டீகண்ணே" என்றேன்.

கருவியை இரண்டு கையாலும் மேசையில் வைத்தார். "ஆமா" என்றார். "நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

அவர் செருப்பை மாட்டும்போதே நான் அழைப்பை எடுத்துவிட்டேன். அண்ணன் அங்கிருந்து நேராகப் பவானி வீட்டுக்குப் போய், அவள் அம்மா செத்த அன்றைக்கு வேகமாகப் போனது தான்தான் என்று அவள் முன்னால் கைகூப்பியிருக்கிறார்.