அவள் என்று பாடினேன்

எங்கள் வீட்டில் மூன்று மொழிகள் புழங்கின. பேசுவது சிங்களம். அப்பா மாம்புரி என்ற ஊரைச் சேர்ந்த தமிழர் என்பதால் நான் படித்தது தமிழில். பாடுவது மட்டும், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அம்மாவின் முன்னோர் விட்டுப்போன போர்த்துக்கீசக் கலப்பு மொழியில். அந்தப் பாட்டுகளை மான்ஜா என்போம். அவற்றில் பாதிச் சொற்களுக்கு எங்களுக்கே பொருள் தெரியாது. தெரியாவிட்டாலும் பாடத் தொடங்கினால் கால் சும்மா இருக்காது. அம்மா றபான் என்ற தோல்மேளம் அடிப்பார், சித்தி கைதட்டி இரண்டாம் குரல் கொடுப்பார், நான் முன்னால் நின்று பாடுவேன்.

புத்தளத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். அங்கே சட்டை தைக்க வந்த நுரைச்சோலைப் பெண் ஒருத்தியை நேசிக்கத் தொடங்கினேன். அவளும்தான். பஸ்ஸில் என் நிறத்தையும் தலைமுடியையும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவர்களுக்கு நான் பழகியிருந்தேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிப்பது பார்வைக்குத் தெரியாத விஷயம். அதனால் மறைப்பது சுலபமாக இருந்தது. வீட்டில் அவளைத் தோழி என்றே சொல்லிவைத்தேன்.

அவளுக்காகத் தமிழில் ஒரு பாட்டு எழுதினேன். தமிழில் அதற்கு ஒரு வசதி உண்டு. ‘நீ’ என்று எழுதிவிட்டால் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவளுக்குப் பாடிக் காட்டினேன்.

“இது ஆருக்கு?” என்று கேட்டாள்.

“உனக்குத்தான்.”

“அப்ப ஏன் ஆரெண்டு தெரியாத மாதிரி எழுதியிருக்கிறாய்?”

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் உறைத்தது. ‘நீ’ இருந்த இடத்தில் எல்லாம் ‘அவள்’ என்று மாற்றினேன். மெட்டு உடைந்துபோனது. பல நாள் முயன்று, கடைசியில் மான்ஜாவின் துள்ளும் தாளத்தில் வைத்துப் பார்த்தேன். சொல் தானாக உட்கார்ந்தது. வீட்டில் தாளத்தை மட்டும் சொல்லி, புதுப்பாட்டு ஒன்று இருக்கிறது என்றேன்.

கற்பிட்டிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை பின்னேரம் பாட அழைத்திருந்தார்கள். நிகழ்ச்சிக்குப் பொறுப்பானவர் ஓலைப் பாவாடைகளைக் கொண்டுவந்து, வெளிநாட்டவர்கள் ஆப்பிரிக்காவை எதிர்பார்ப்பார்கள், இதைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

அம்மா அவற்றை மடித்து அவரிடமே கொடுத்தார். “தம்பி, எங்கட ஆக்கள் இதைக் கட்டினதில்ல. நாங்க கவுனோடதான் பாடுவம்.”

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். எனக்கு அந்த நேரத்தில் துணிவு வந்தது. நான்காவது பாட்டாக என்னுடையதைப் பாடினேன். முதல் தடவை ‘அவள்’ வந்தபோது சித்தியின் கைதட்டல் நின்றது. றபான் ஒரு அடி தவறியது. பிறகு அது திரும்பி வந்தது. அம்மா முன்னைவிடப் பலமாக அடித்தார். நான் முடிவுவரை பாடினேன். விருந்தாளிகளுக்குச் சொல் விளங்கவில்லை. சமையலறையில் பழம் வெட்டும் பெண் ஒருத்திக்கு விளங்கியிருந்தது. நாங்கள் வேனில் ஏறப்போகையில் ஓடிவந்து, பாட்டை எழுதித் தரச் சொல்லி ஒரு பில் துண்டை நீட்டினாள். எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தமிழில் தொடங்கினார். பாரமான கதை என்றால், அப்பா இருந்தபோது அவரோடு கதைத்த மொழிக்குத்தான் வருவார்.

“பாட்டில வாறது அந்த நுரைச்சோலைப் பிள்ளையோ?”

“ஓம்.”

அம்மா கதிரையில் உட்கார்ந்து கால்களைத் தடவிக்கொண்டார். “எனக்கு இது லேசில்ல. கொஞ்சக் காலம் தா.” உள்ளே போக எழும்பியவர் நின்றார். “ரெண்டாம் அடியில ஓடுறாய். அவசரப்படாமப் பாடு.”

நான் அறைக்குள் போய் அழுதேன். பயத்தில் அல்ல.

சித்தி இரண்டு மாதம் வரவில்லை. பிறகு வந்தார். இப்போதும் அந்தப் பாட்டுத் தொடங்கினால் தண்ணீர் குடிக்க எழும்பிப் போவார். அடுத்த பாட்டுக்குத் திரும்பிவிடுவார். அம்மா சொல்லித்தான் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருகிறாள். சாப்பாடு முடிந்ததும் போத்தலுக்குள் கரண்டியை விட்டுத் தட்டி மான்ஜாவுக்குத் தாளம் போடப் பழகுகிறாள். சரியாக வருவதில்லை. அம்மா முதலில் இருந்து தொடங்கச் சொல்கிறார், அவள் தொடங்குகிறாள்.