கண்ணில்லாத மவுஸ்

அன்னக்கொடிக்கு மறதி என்கிற வியாதியே கிடையாது. மூணாங்கிளாஸில் தன் சிலேட்டுக் குச்சியை ஒடித்தவளின் கல்யாணத்துக்குப் போய், அவள் இலைப் பாயசத்தில் கைப்பிடி உப்பைப் போட்டுவிட்டுத்தான் மொய் எழுதினாள். ஒன்பதாவதோடு படிப்பை விட்டாள். கோபத்தை விடவில்லை.

திருநகரில் ராஜகுரு நடத்திய ஃப்ளெக்ஸ் கடையில் அவளுக்கு டிசைன் பண்ணுகிற வேலை. காதுகுத்துக்கு அவள் போடுகிற போர்டில் குழந்தைக்குப் பின்னால் இமயமலை, ரெண்டு சிங்கம், சொந்தக்காரர் தலைகள் ஒரு லாரி லோடு என்று எல்லாம் இருக்கும். கடையில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். காலையில் அவள், மதியம் சிவக்குமார்.

அந்தச் சிவக்குமார்தான் ஒருநாள் கண்ணீர் அஞ்சலி போர்டில் செத்தவர் படத்துக்குப் பதிலாக, அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் கொடுத்திருந்த சோழவந்தான் மலையாண்டியை வைத்து அனுப்பிவிட்டான். மலையாண்டி வீட்டுக்கு மூணு பஸ் நிறைய ஆட்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். மறுநாள் அவர் உயிரோடு கடைக்கு வந்தார்.

“என்னையக் கொன்ன பய எவண்டா?”

சிவக்குமார் கொஞ்சமும் யோசிக்காமல் அன்னக்கொடியைக் கை காட்டினான். “இந்தப் புள்ளதான் பெரியவரே.”

அவர் ஏசிய ஏச்சில் கடைச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. ராஜகுரு அவளைக் கம்ப்யூட்டரை விட்டு எழுப்பி, ஃப்ளெக்ஸ் ஓரத்தில் கயிறு கோக்கப் பித்தளை வளையம் அடிக்கிற வேலைக்கு மூலையில் உட்கார வைத்தார். அதன்பிறகு அவள் சுத்தியலால் அடித்ததெல்லாம் வளையத்தை இல்லை, சிவக்குமார் மண்டையை.

சித்திரைத் திருவிழா வந்தது. கள்ளழகரை மதுரை எல்லையில் சனம் கூடி வரவேற்கிற எதிர்சேவை அன்று சிவக்குமார் வயர் இல்லாத மவுஸ் ஒன்று வாங்கிவந்து, பழைய மவுஸின் வயரை எல்லோர் முன்னாலும் கத்தரியால் நறுக்கினான்.

“வால் வச்ச மவுசெல்லாம் இனி ஒன்னைய மாதிரி ஆளுகளுக்குத்தான். இதத் தொட்ட, தொலைச்சுப்புடுவேன்.”

அவன் சாப்பிடப் போனதும் அன்னக்கொடி தொட்டாள். நொறுக்கத்தான் எடுத்தாள். சத்தம் கேட்குமே என்று, அடியில் இருந்த ஸ்டிக்கரை உரித்து, உள்ளே ஒளிந்திருந்த ஸ்க்ரூவைக் கழற்றினாள். மூடி திறந்ததும் சக்கரம் ஒரு பக்கம் உருண்டது, ஸ்பிரிங் பசை டப்பாவுக்குள் பாய்ந்தது. பயம் வந்துவிட்டது. பொறுக்கி மாட்டினாள். சக்கரம் உட்கார்ந்தால் மூடி மூடவில்லை, மூடி மூடினால் சக்கரம் சுற்றவில்லை. கடைசியில் அழகரைக் கும்பிட்டு ஒரு குத்து விட்டாள், மூடிக்கொண்டது.

பார்த்தால், கல்கண்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு கையிலேயே மிச்சம் இருந்தது.

மவுஸை நகர்த்தினாள். சிவப்பு லைட் எரிந்தது. திரையில் அம்பு மட்டும் வைகைத் தண்ணீரில் படுத்த எருமை போல அசையவில்லை. கையில் இருப்பதுதான் அதன் கண் என்று அப்போதுதான் புரிந்தது. திரும்பப் பிரித்து வைத்துவிடலாம் என்று நினைத்தாள். பிறகு அதைவிட இனிப்பான ஒன்றை நினைத்தாள். துண்டு வளைய டப்பாவுக்குள் போனது.

சிவக்குமாரும் மலையாண்டியும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தார்கள். விடிந்தால் அவர் பேத்திக்குக் காதுகுத்து. வேறெந்தக் கடையிலும் ஆர்டர் எடுக்காததால் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கே வந்திருந்தார்.

சிவக்குமார் மவுஸை நகர்த்தினான். பேட்டரியை மாற்றினான். பேன்ட்டில் துடைத்தான். விபூதி பூசினான்.

“வேற வாங்கிட்டு வாடா” என்றார் ராஜகுரு.

“டவுனுக்குள்ள ஈ நுழைய எடமில்லண்ணே, சனம் அம்புட்டுக் கெடக்கு.”

“ஏப்பா, போன தடவ கொன்னீக. இந்தத் தடவ காக்க வச்சே கொல்லப் போறீகளா?” என்றார் மலையாண்டி.

சிவக்குமார் மூலைக்கு நகர்ந்து வந்து குனிந்தான். “தாயி, ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா?”

“தெரியும்ணே. அஞ்சலி போர்டு யாரு போட்டதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க. ஓட வைக்கிறேன்.”

அவன் முகம் வெந்த கத்தரிக்காய் ஆனது. முணுமுணுத்தான்.

“காது கேக்கலண்ணே. அங்கிட்டுத் திரும்பிச் சொல்லுங்க.”

“நாந்தேன் போட்டேன்” என்றான் சிவக்குமார்.

சுவரில் மிச்சம் இருந்த சுண்ணாம்பும் அன்று உதிர்ந்தது. அந்த ஏச்சு முடிவதற்குள் அன்னக்கொடி மவுஸைப் பிரித்து, கண்ணை வைத்து, மூடிவிட்டாள். அம்பு துள்ளி ஓடியது. ராஜகுரு சுத்தியலை எடுத்துச் சிவக்குமார் கையில் கொடுத்தார்.

“ஆத்தா, பேத்தி போர்டு முடிச்சதும் இன்னொண்ணு அடி. இந்தப் பயலுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி. செலவு என்னோடது” என்றார் மலையாண்டி.

அன்னக்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சிவாண்ணே, சிரிச்ச மாதிரி போட்டோ ஏதும் வச்சிருக்கீகளா?”