கல்லூரி பூட்டினால் காசு யாருக்கு?

என் அக்காவின் மகள் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்குப் படிக்க வந்து, மல்வேர்னில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறாள். இரண்டாம் தவணை தொடங்கிய அன்று காலையில் பஸ் ஏறிப் போனவள் மத்தியானத்துக்கு முன்பே திரும்பி வந்தாள். கல்லூரிக் கதவில் சங்கிலி. கதிரைகளைக்கூட லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். ஒரு வருடக் காசை முழுதாக முன்னுக்கே வாங்கிய தனியார் கல்லூரி.

போனைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை நடந்தேன். கெதியாக வேறு கல்லூரியில் சேராவிட்டால் அவளுடைய மாணவர் அனுமதி போய்விடும். பிறகு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அரசாங்க அலுவலகத்தில் ஒருத்தி மரியாதையாகத்தான் பேசினாள். காசைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது என்றாள். பிறகு, யாருடைய பெயரில் கட்டினீர்கள் என்று கேட்டாள்.

அங்கேதான் மாட்டினோம். அவளுடைய அப்பா, என் அத்தான், கல்லூரியில் இடம் எடுத்துத் தந்த ஏஜென்டின் தம்பியிடம் ஊரில் ரூபாயாகக் கொடுத்தார். இங்கே ஏஜென்ட் தன் கொம்பனிப் பெயரில் டொலராகக் கட்டினார். எங்கள் ஆட்கள் இப்படித்தான் காசு மாற்றுவார்கள். ஏஜென்ட் எங்கள் ஊர்க்காரர், அக்காவின் கலியாணப் பந்தியில் சோறு பரிமாறியவர். அவரிடம் காசு வாங்கியதற்குத் துண்டு கேட்டால் கள்ளன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அத்தான் கேட்கவில்லை. ஆகவே கல்லூரிக் கணக்கில் காசு கட்டியவர் ஏஜென்ட். திரும்பி வந்தாலும் அவருக்குத்தான் வரும்.

அடுத்த நாளே அவளையும் இழுத்துக்கொண்டு மில்லிக்கன் பிளாசாவில் இருக்கும் அவருடைய ஒஃபிசுக்குப் போனேன். அங்கே ஒருவர், தங்கை மகனுக்குக் காசு கட்ட வந்தவர், மடியில் காசு உறையோடு இருந்தார்.

"அண்ணை, பிள்ளையின்ர காசு எங்க?"

"இருங்கோ தங்கச்சி, ரீ குடியுங்கோ. பூட்டினது அவங்கள். நான் என்ன செய்ய?"

"உங்களுக்குக் கல்லூரி கொமிஷன் தந்ததுதானே. அதையாவது தாங்கோ."

"உது நான் வேலை செய்து எடுத்த காசு."

அக்காவின் மகள் குறுக்கே புகுந்தாள். "அங்கிள், கல்லூரிக் காசு திரும்பி வந்தா எனக்குத்தான் எண்டு எழுதித் தாங்கோ."

அவர் சிரித்தார். "எங்கட ஆக்களுக்குள்ள எழுத்தோ? கொப்பர் என்னட்டை எழுத்துக் கேட்டவரோ?"

"அப்பா கேக்கேல்லை. அதாலதான் இப்ப இஞ்ச வந்து நிக்கிறன். எழுதித் தராமல் எழும்பமாட்டன்."

உறைக்காரர் அவரைப் பார்த்தார். ஏஜென்டின் சிரிப்பு நின்றது. பேப்பரை எடுத்து எழுதிக் கையெழுத்து வைத்தார்.

நான் உறைக்காரரிடம், "நேரா கல்லூரிக்குக் கட்டுங்கோ, பெடியன்ர பேரில," என்றேன்.

"இவர் மூலம் கட்டினா கட்டணத்தில கழிவு இருக்காம் அக்கா," என்று சொல்லி உறையை மேசையில் வைத்தார். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

எழுதி வாங்கிய பேப்பரோடு அந்த அரசாங்க அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டோம். பதில் இன்னும் வரவில்லை. அவள் காத்திருக்க முடியாது. வேறொரு கல்லூரி இடம் தந்தது. அவர்களும் ஒரு வருடக் காசை முன்னுக்கே கேட்டார்கள். தவணை தவணையாகக் கட்டுகிறோம் என்றேன். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது சரியாம், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இல்லையாம். கடன் எடுத்து, அவள் பெயரில் கட்டினோம்.

படிப்பிக்கும் வரை கல்லூரி இந்தக் காசில் கை வைக்கக்கூடாது என்று சொல்லும் சட்டத்தைக் காட்டுங்கள் என்று அந்தக் கல்லூரிக் கவுண்டரில் கேட்டேன். அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். எங்கள் தொகுதி உறுப்பினரின் ஒஃபிசிலும் கேட்டேன். காசைத் தனிக் கணக்கில் பூட்டிவைத்து, படிப்பித்த மாதத்துக்கு மட்டும் எடுக்கவிடுங்கள் என்றேன். குறித்துக்கொண்டார்கள். திரும்பவும் போவேன்.

அவளுடைய அனுமதி பறிபோகாமல் தப்பியது. அவள் வகுப்புக்குப் போகிறாள். நான் வேலைக்குப் போகிற பஸ் அந்தப் புதுக் கல்லூரியைத் தாண்டித்தான் போகும். ஒவ்வொரு நாளும் பஸ் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்க்கிறேன், உள்ளே லைட் எரிகிறதா என்று.