ஆமோஸ் கேட்ட கறுப்புத் துணி

'க்ரேப்ஹேங்கர்' என்பது எங்கள் பென்சில்வேனியச் சுரங்க ஊரில் முதலில் ஒரு வேலையின் பெயர்தான். சாவு விழுந்த வீட்டுக் கதவில் க்ரேப் துணி மாட்டுபவர். குழந்தைக்கு வெள்ளை, பெரியவர்களுக்குக் கறுப்பு. சவப்பெட்டிக் கடை கிம்மலிடம் அந்த வேலையைச் செய்துவந்தவள் மின்னி ஷ்லெகல். ஐம்பது வயது விதவை. சுத்தியலோடு அவள் தெருவில் வந்தால் ஆட்கள் எதிர்ப்பக்கம் மாறிவிடுவார்கள்.

1918 அக்டோபரில் விஷக்காய்ச்சல் வந்தது. சுரங்கத் தொழிலாளி ஆமோஸ் டிரெக்ஸ்லரின் இரண்டு பெண் குழந்தைகளும் ஒரே வாரத்தில் போய்விட்டன. இரண்டு வெள்ளைத் துணிகளையும் மின்னிதான் மாட்டினாள். அதற்கு மூன்றாம் நாள் ஆமோஸே கடைக்கு வந்தான்.

"கறுப்பு ஒண்ணு வேணும். என் பொண்டாட்டி நெட்டிக்கு."

"எப்பப்பா போனா?" என்றார் கிம்மல்.

"இன்னும் போகல. சாயங்காலம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பவே மாட்டிடுங்க. இன்னொரு தடவை இந்தப் படி ஏற என்னால ஆகாது."

மின்னி துணியோடு போனாள். கதவருகே நின்றபோது உள்ளே இருமல் கேட்டது. சுத்தியலைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். உதடு நீலம் பாய்ந்து கிடந்த நெட்டி, தண்ணீர் கேட்டாள்.

"தண்ணி கேக்குறவளுக்கா துணி மாட்டச் சொன்னே? போ, அடுப்பை மூட்டு," என்றாள் ஆமோஸிடம்.

நான்கு நாள் அந்த வீட்டிலேயே இருந்தாள். வெங்காயம் வதக்கி மார்பில் வைத்துக் கட்டினாள். கரண்டி கரண்டியாகக் கோழிச்சாறு புகட்டினாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நெட்டி கண் திறந்து கேட்டாள்: "பிள்ளைங்க எங்க?"

ஆமோஸ் எழுந்து வெளியே போய்விட்டான். மின்னிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

விஷயம் சுரங்கத்துக்குப் போனது. "பொண்டாட்டி உசுரோட இருக்கும்போதே துணி கேட்டவன்டா! இவன்தான் அசல் க்ரேப்ஹேங்கர்!" என்று சிரித்தார்கள். பிறகு, மழை வருமென்று துவைக்காதவள், வேலை போய்விடுமென்று புலம்புகிறவன், எல்லாருக்கும் அதே பெயர். வேறு ஊர்களில் அந்தச் சொல்லுக்கு 'எப்போதும் கெட்டதையே எதிர்பார்ப்பவர்' என்ற அர்த்தம் எப்படி வந்ததோ, எங்கள் ஊரில் இப்படித்தான்.

ஒருநாள் மளிகைக் கடையில் ஒருவன் ஆமோஸை அப்படி அழைக்க, மின்னி கூடையைக் கீழே வைத்தாள்.

"ஒரே வாரத்துல ரெண்டு பெட்டி தூக்கினவன்யா அவன். உன் தோள்ல ஒண்ணு ஏறட்டும், அப்புறம் சிரி."

ஆனாலும் அந்தப் பெயர் ஆமோஸை விடவில்லை. அதற்குப் பிறகு நெட்டி இருபத்தாறு வருஷம் அவனோடு வாழ்ந்தாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. துணி கேட்ட விஷயத்தை அவள் ஒரு தடவைகூட அவனிடம் பேசியதில்லை.