வேலுச்சாமியின் தண்ணீர்க் கணக்கு

கோயம்புத்தூர்க் கம்ப்யூட்டர் அறையில் எங்கள் முறை வந்து, புரோகிராம் துளையிட்ட அட்டைகளின் கட்டை நீட்டியபோதுதான் இயந்திரம் ஓட்டுபவர் சொன்னார்: "சார், சித்தூர் காலேஜ்லேர்ந்து போன் வந்துச்சு. வேலுச்சாமி சார் தவறிட்டாராம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஓட்டட்டுங்களா, திருப்பிக் குடுத்துரட்டுங்களா?" என்று கேட்டார். ஓட்டச் சொன்னேன். காமாலையில் படுத்திருந்தவர் அதற்காகத்தான் என்னை அனுப்பியிருந்தார்.

கல்லூரியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்களில் பலர் கடைசிவரை கேட்கவே இல்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன். குளுக்கோஸ் மூலக்கூறு ஒரு வளையம், சாய்வு நாற்காலி மாதிரி மடிந்தது. அதன் ஓரத்தில் ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கை மூன்று பக்கம் திரும்பலாம். உண்மைச் சர்க்கரையில் அது மூன்றாவது பக்கம் அநேகமாகத் திரும்புவதே இல்லை. எந்தப் பக்கத்தில் ஆற்றல் குறைவு என்று பார்க்கும் எங்கள் கணக்கோ ஒவ்வொரு தடவையும் அந்த மூன்றாவது பக்கத்தைத்தான் வசதியான இடம் என்றது.

புரோகிராம் எழுதியவன் நான். பிழை என்னுடையது என்று வரிவரியாகத் தேடினேன். வேலுச்சாமி தென்னை ஈர்க்கிலும் பாட்டில் கார்க்கிலும் செய்த மூலக்கூறைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அதை வச்சிட்டு இந்தத் தாளைப் பாருங்க" என்றேன்.

"நீங்க அண்ணாச்சின்னு கூப்புடறதக் கேட்டு, நான் மளிகைக் கடை வெச்சிருக்கறேன்னு பியூன் நெனச்சுட்டானுங்க." பிறகு அதே குரலில், "தம்பி, நாம காஞ்ச காட்டுல வெச்சுக் கணக்குப் போடறோமுங்க. சர்க்கரை இருக்கறது தண்ணிக்குள்ள. தண்ணி இல்லாட்டி அந்தக் கை பக்கத்து ஆக்சிஜனத்தான் புடிச்சுக்கும். வேற என்ன பண்ணும்? தண்ணி உட்டுப் பாருங்க."

தண்ணீர் மூலக்கூறுகளைச் சுற்றிலும் வைத்தால் கணக்கு பலமடங்கு பெருகும், இயந்திரம் தாங்காது என்றேன். "மலைக்காரத் தம்பிக்குத் தண்ணியோட அருமை தெரியாதுங்க" என்றார். தேவிகுளத்து மழையில் வளர்ந்தவனிடம் கோவிந்தாபுரத்து விவசாயி வீட்டுப் பிள்ளை வேறென்ன சொல்வார்? சில தண்ணீர் மூலக்கூறுகளை மட்டும் சேர்த்து எழுதினேன்.

அட்டைகளில் துளையிடும் இயந்திரமும் கோவையில்தான். துளையிட்டு முடிக்கவே அன்றைய நேரம் தீர்ந்தது. அட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. பொள்ளாச்சி வழியாகத் திரும்பினோம். மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் காவலர் பஸ்ஸில் ஏறினார். அரிசி கடத்துகிறவர்களைத் தேடுகிற காலம். எங்கள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். கனத்தது.

"என்னங்க, அரிசியா?"

"அட்டைங்க. கணக்கு போடற அட்டை."

"கணக்கு இந்த கனமா கனக்கும்?" என்று சொல்லிக்கொண்டே மூட்டையைக் குத்திப் பார்க்கும் ஊசியைப் பெட்டிக்குள் இறக்கிவிட்டார். அரிசி வரவில்லை. அவருக்கே சங்கடமாகிவிட்டது. "ஓட்டையாப் போச்சுங்களே."

"உடுங்க. முன்னாடியே பூரா ஓட்டைதானுங்க" என்றார் வேலுச்சாமி. பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அடுத்த முறை முழுக்க அட்டைகளை மறுபடி துளையிடுவதிலேயே போனது. அதற்கடுத்த முறை வருவதற்குள் அவர் கண்கள் மஞ்சளாகிவிட்டன.

போன் வந்த அன்று இயந்திரம் முதல் பக்கத்துக்கு ஆற்றல் மதிப்பைத் தந்தது. இரண்டாவதற்கும் தந்தது. மூன்றாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது எங்களுக்கு அனுமதித்த நேரம் முடிந்து நின்றது. கெஞ்சிப் பார்த்தேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

கோவிந்தாபுரம் வீட்டை அடைந்தபோது உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். அவருடைய அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க தம்பி. பையன் கணக்கு வந்துருச்சுங்களா?" என்றார்.

"இல்லைங்கய்யா. பாதியில நின்னுபோச்சு."

"தண்ணி உட்டுமா?"

"வந்துவிட்டது, உங்கள் மகன் சொன்னதுதான் சரி" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் என்னைக் கடிந்துகொண்டீர்கள். வராத விடையை எப்படிச் சொல்வது? வேலுச்சாமியே அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். "கெடைக்காதத கெடைச்சுதுன்னு எழுதறவன் வெவசாயம் பண்ணக்கூட லாயக்கில்லைங்க" என்பார்.

கம்ப்யூட்டர் நேரம் அவர் பெயரில்தான் அனுமதிக்கப்பட்டிருந்தது. அதை என் பெயருக்கு மாற்றக் கேட்டேன்; நான் வேதியியல் துறை இல்லை, வேதியியல்காரர் யாராவது கேட்கட்டும் என்றார்கள். உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்ற எண்ணமும் இப்போது எனக்கு இல்லை. அவர் நினைத்தது சரியா என்று நான் எப்போதாவது தெரிந்துகொண்டாலும் போய்ச் சொல்ல அவர் இல்லை.

என்னிடம் இருப்பது அந்த ஈர்க்குக் குளுக்கோஸ் ஒன்றுதான். கை பொருத்திய கார்க் தளர்ந்துவிட்டது. மேசை அசைந்தால் போதும், கை தானாகச் சுழன்று மூன்றாவது பக்கம் போய் நின்றுகொள்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் வைத்திருந்த பக்கத்துக்கே திருப்பி வைக்கிறேன்.