பதிவேட்டில் 'ஆம்'

ஆற்று வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று கணித்துச் சொல்லும் அலுவலகத்தில் அவளுக்கு 'டெஸ்ட்டக்கா' என்று பட்டம். கேலிப் பட்டம்தான். யாரோ எழுதி, உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் கணித லைப்ரரிகளை, அதாவது கணக்குப் போடும் நிரல் தொகுப்புகளை இறக்கி, கணினிக்குப் புரியும் வடிவத்துக்குக் கம்பைல் செய்து, அலுவலகக் கணினிகளில் நிறுவுவது அவள் வேலை. கம்பைல் முடிந்ததும் மற்றவர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அவள் மட்டும் லைப்ரரியோடு கூடவே வரும் சோதனைகளை ஓடவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, சரியாகப் போடுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. அதைக்கூடச் செய்யாதவனுக்குச் சம்பளம் எதற்கு என்பது அவள் கட்சி.

அந்தப் புதன்கிழமை புது லைப்ரரி பதினான்கு சோதனைகளில் தோற்றது. கம்பைல் செய்யும்போது வேகத்தைக் கூட்டும் தேர்வு ஒன்றைப் போடச் சொல்லியிருந்தார் மேலாளர். அதைப் போட்டால் கணக்கு பறக்கும். ஆனால் தசமங்களில் கோட்டை விடும்; அந்தப் பிசகு கணக்குக்குக் கணக்கு சேர்ந்து பெரிதாகும்.

"இந்த சீட்ல இருந்தப்போ நானும் இப்படித்தாம்மா போட்டேன். பதிவேட்டுல 'ஆம்'னு எழுதிட்டு வேலையப் பாரு. சாயங்காலம் இது ஓடியாகணும்" என்றார்.

பதிவேட்டில் 'சோதனை முடிந்ததா?' என்று ஒரு கட்டம் உண்டு. பழைய பக்கங்களைப் புரட்டினாள். அவர் கையெழுத்தில் ஆம், ஆம், ஆம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் காலத்தில் நிறுவி இன்றுவரை ஓடும் லைப்ரரியைச் சோதித்தாள். அதுதான் ஓடுகிறதே என்று இத்தனை நாள் அவளும் தொடாமல் விட்டிருந்தாள். அதே பதினான்கில் அதுவும் தோற்றது.

மூன்று வருடத்துக்கு முன், ஆற்றங்கரைத் தெருவில் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிடும் என்று இதே அலுவலகம் அறிவித்தது. தங்கை வேலை பார்க்கும் இடமாயிற்றே என்று நம்பி, அங்கே குடியிருந்த அவள் அக்கா ஒரு பாயைக்கூட மேலே ஏற்றவில்லை. தண்ணீர் ஜன்னலுக்கு வந்தது. அக்கா இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். மழை ஏமாற்றிவிட்டது என்று கையை விரித்தார் மேலாளர். அதையே அக்காவிடம் போய் ஒப்பித்தாள் இவள். அன்றிலிருந்து அக்கா இவளோடு சரியாகப் பேசுவதில்லை.

வேகத் தேர்வை எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தாள். சோதனை அத்தனையும் தேறியது. மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த வெள்ளத்தின் மழை அளவுகளைக் கொடுத்தாள். ஆற்றங்கரைத் தெருவுக்கு வந்த விடை, ஜன்னல் உயரம்.

தாளைக் கொண்டுபோய் மேலாளர் முன்னால் வைத்தாள்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேக்கலையேம்மா…"

"எங்கக்கா கேட்டா சார். மழை மேல பழியப் போட்டு நான்தான் அவ வாய அடைச்சேன். அப்ப நீங்க சொன்னதை நான் போய்ச் சொன்னேன். இப்ப நீங்களே சொல்லுங்க."

அக்காவின் எண்ணை அழுத்தி, போனை அவர் மேசைமேல் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.